நூறு கால்களும் ஒரே நேரத்தில்

ஒரு மைக்ரோகன்ட்ரோலர் ஐசியை எடுத்துக்கொள்வோம். 14 மி.மீ. சதுரம். பக்கத்துக்கு 25 வீதம் நான்கு பக்கமும் நூறு கால்கள். அடுத்தடுத்த இரண்டு கால்களின் மையங்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர்தான். காலின் அகலத்தைக் கழித்தால் மிஞ்சும் சந்து 0.3 மி.மீ.கூட வராது. இதைப் போர்டிலிருந்து கழற்றி, அதே இடத்தில் புதிதாக ஒன்றை வைத்துப் பற்றவைக்க வேண்டும் என்று சொன்னால், கேட்பவர் முதலில் தன் விரல்களைத்தான் பார்ப்பார். ஆரோக்கியமான கையும் நொடிக்கு 8 முதல் 12 தடவை மெலிதாக நடுங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த நடுக்கத்தோடு 0.3 மி.மீ. சந்தில் என்ன வேலை செய்ய முடியும் என்ற சந்தேகம் நியாயமானதே.

ஆனாலும் சென்னை ரிச்சி தெருவிலும், ஊருக்கு ஊர் இருக்கும் மொபைல் சர்வீஸ் கடைகளிலும் இந்த வேலை தினமும் நடக்கிறது. செய்பவர்களுக்கு நம்மைவிடப் பெரிதாக நடுங்காத கை அமைந்துவிடவில்லை. ஐசியை மைக்ரான் கணக்கில் சரியான இடத்தில் உட்காரவைப்பது உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசை. எத்தனை டிகிரி, எத்தனை நொடி, எந்தப் பக்கத்திலிருந்து என்று வெப்பத்தை நிர்வகிப்பதே பெரும்பாலும் மனிதரின் பொறுப்பு. ஐசி கழற்றிப் போடக் கற்றுக்கொள்வது என்றால் முக்கால் பங்கு வெப்பத்தைப் படிப்பதுதான்.

ஓட்டை போனதும் வந்த வசதி

பழைய ரேடியோ, டிவி மெக்கானிக்குகள் பழகிய ஐசிகளுக்குக் கம்பி போன்ற கால்கள் இரண்டு வரிசையாக இருக்கும். 'டிப்' என்று அழைக்கப்படும் அந்த வடிவம் 1964-இல் அமெரிக்காவின் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் உருவானது. கால்களுக்கு இடையே 2.54 மி.மீ., அதாவது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. போர்டில் துளை போட்டு, கால்களை நுழைத்து, மறுபக்கத்தில் பற்றவைப்பார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஐபிஎம் பொறியாளர்கள் வேறொன்றை முயன்றுகொண்டிருந்தார்கள். துளையே போடாமல் போர்டின் பரப்பின் மீதே பாகங்களை உட்காரவைத்துப் பற்றவைக்கும் முறை அது. நிலவுக்கு மனிதர்களை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டை வழிநடத்திய கணினியில் இந்த முறை இடம்பெற்றது. 1980-களில் அது வீட்டுச் சாதனங்களுக்குள் நுழைந்தது. துளையிடும் செலவு இல்லை, போர்டின் இருபக்கமும் பாகங்களை வைக்கலாம், எந்திரமே எடுத்து வைத்துவிடும். இன்று கைபேசிக்குள் பார்த்தால் துளையில் நுழைந்த கால்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எஸ்எம்டி என்று கடைக்காரர்கள் சொல்வது இந்தப் பரப்பொட்டுப் பாகங்களைத்தான்.

சிறியது என்பதால் கழற்றுவது கடினம் என்று தோன்றும். உண்மையில் பல அடுக்குப் போர்டுகளில் பழைய டிப் ஐசியைச் சேதமில்லாமல் கழற்றுவதுதான் பெரும்பாடு. துளைக்குள் நிறைந்திருக்கும் பற்றவைப்பு உலோகமான சால்டரை ஒவ்வொரு காலிலிருந்தும் உறிஞ்சி எடுக்க வேண்டும். கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது இழுத்துவிட்டால் துளையின் உட்சுவரில் பூசிய செம்பும் சேர்ந்து வந்துவிடும். எஸ்எம்டியில் எல்லா இணைப்புகளும் ஒரே முகத்தில், வெளிக்காற்றுக்குத் திறந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் உருகவைத்துவிட்டால் ஐசியைப் பிடித்து வைத்திருக்க எதுவும் இல்லை. ட்வீசரால் எடுத்துவிடலாம். அந்த 'ஒரே சமயத்தில்' என்பதைச் சாதிப்பதுதான் முழுப் பாடமும்.

இரண்டு உருகுநிலைகள்

சால்டரில் கலக்கும் வெள்ளீயம் தனியாக 232 டிகிரி செல்சியஸில் உருகும். ஈயம் 327 டிகிரியில் உருகும். இரண்டையும் 63-க்கு 37 என்ற எடை விகிதத்தில் கலந்தால், இரண்டுக்கும் கீழே 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. திடநிலையில் ஈய அணுக்களும் வெள்ளீய அணுக்களும் ஒரே படிக அடுக்கில் நன்றாகப் பொருந்துவதில்லை. திரவத்தில் தாராளமாகக் கலந்துகொள்கின்றன. ஆகவே அந்தக் கலவைக்குத் திரவநிலை சாதகமாகிறது, உருகுநிலை இறங்குகிறது. அந்தக் குறிப்பிட்ட விகிதத்தில் மட்டும் கூழ்ப்பருவம் என்ற இடைநிலையே கிடையாது. 183-இல் முழுவதும் திரவம், அதற்குச் சற்றுக் கீழே முழுவதும் திடம். மின்னணுவியல் பல பத்தாண்டுகள் இந்தக் கலவையை நம்பியே ஓடியது.

ஈயத்தின் நச்சு காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் பெரும்பாலான மின்னணுப் பொருட்களில் அதைக் கட்டுப்படுத்தியது. இந்தியாவின் 2011-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளும் ஈயத்துக்கு வரம்பு வைத்தன. அதன் இடத்துக்கு வந்த கலவைகளில் பரவலானது 96.5 சதவீதம் வெள்ளீயம், 3 சதவீதம் வெள்ளி, 0.5 சதவீதம் செம்பு கொண்டது. இது 217 டிகிரியில் உருகத் தொடங்கி 220-ஐ ஒட்டி முழுதும் உருகுகிறது.

வேறுபாடு 34 டிகிரிதான் என்று நினைக்கலாம். ஆனால் ஐசிக்கும் ஒரு மேல்வரம்பு இருக்கிறது. தொழிற்சாலை அடுப்பில் பற்றவைக்கும்போது சிறிய பிளாஸ்டிக் உறை ஐசிகள் தாங்க வேண்டிய உச்ச வெப்பநிலை 260 டிகிரி. ஈயக் கலவைக் காலத்தில் உருகுநிலைக்கும் ஆபத்துக்கும் நடுவே தாராளமான இடைவெளி இருந்தது. இப்போது 220-க்கும் 260-க்கும் இடையே 40 டிகிரிச் சந்து. ஐசியின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் நடுவே 30 டிகிரி வேறுபாடு வருவது சாதாரணம். அப்படி வந்தால் ஒரு மூலை இன்னும் உருகாமல் இருக்க, மறு மூலை எல்லையை நெருங்கிவிடும்.

இந்தச் சிக்கலுக்குக் கற்பவர்கள் கையாளும் தந்திரம் அதே உலோகவியலிலிருந்து வருகிறது. ஈயமில்லாக் கால்களின் மீது கொஞ்சம் பழைய ஈயக் கலவைச் சால்டரை உருக்கிச் சேர்த்தால் மொத்த உருகுநிலையும் 217-லிருந்து கீழே இறங்கும். இன்னும் ஒருபடி மேலே போய், பிஸ்மத்தும் இண்டியமும் கலந்த, நூறு டிகிரிக்கும் கீழே உருகும் தனிக் கலவைகளை ஐசி கழற்றவென்றே விற்கிறார்கள். கால்களின் மீது இதை உருக்கித் தடவினால், கலந்துபோன சால்டர் உடனே இறுகாமல் பல நொடிகள் திரவமாகவே நிற்கும். சாதாரண சால்டரிங் அயர்னை நான்கு பக்கமும் சுற்றி வருவதற்குள் முதல் பக்கம் இறுகிவிடாது. சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் மெஷினே இல்லாமல் ஐசியைத் தூக்கிவிடலாம்.

இதில் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. கழற்றிய பிறகு அந்தக் கலவையைத் துளி மிச்சமில்லாமல் துடைத்தெடுக்க வேண்டும். வெள்ளீயம், ஈயம், பிஸ்மத் மூன்றும் சரியான விகிதத்தில் சேர்ந்தால் 96 டிகிரியிலேயே உருகும். சூடாகும் பவர் ஐசி ஒன்றின் காலடியில் அப்படிப்பட்ட கலவை தங்கிவிட்டால், புதிதாகப் போட்ட இணைப்பு ஓடும்போதே இளகிவிடும்.

ஃப்ளக்ஸ் செய்யும் வேலை

செம்பைக் காற்றில் வைத்தால் அதன் மீது ஆக்சைடு படலம் படிகிறது. உருகிய வெள்ளீயத்தின் மீதும் அப்படியே. ஆக்சைடு படிந்த செம்பின் மீது சால்டரை உருக்கினால் அது தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு நிற்கும், ஒட்டாது. படலத்தை நீக்கிவிட்டால் அதே சால்டர் பரவிப் படர்கிறது. பரவும்போது வெள்ளீய அணுக்கள் செம்போடு வினைபுரிந்து, ஆறு செம்புக்கு ஐந்து வெள்ளீயம் என்ற கணக்கில் ஒரு மெல்லிய உலோகச் சேர்மத்தை உண்டாக்குகின்றன. சில மைக்ரான் தடிமன் கொண்ட அந்த அடுக்குதான் உண்மையான பிணைப்பு. அது உருவாகாத இணைப்பு பார்ப்பதற்கு ஒட்டியதுபோல் இருந்தாலும் அசைத்தால் விட்டுவிடும்.

படலத்தை நீக்குவது ஃப்ளக்ஸின் வேலை. பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் ரோசின் இதில் பழையது, இன்னும் வழக்கில் இருப்பது. அதில் உள்ள அபியெட்டிக் அமிலம் குளிர்ந்திருக்கும்போது ஏறக்குறைய மந்தமாகக் கிடக்கும். சூடேறி உருகியதும் விழித்துக்கொண்டு செம்பு ஆக்சைடைக் கரைக்கும். பிறகு ஆறி மீண்டும் மந்தமாகிவிடும். தகரம் பற்றவைக்கப் பயன்படும் அமில பேஸ்டுக்கு இந்த அடக்கம் கிடையாது. ஆறிய பிறகும் செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். அதைப் போர்டின் பக்கமே கொண்டுவரக் கூடாது.

ஃப்ளக்ஸ் நிரந்தரமாக நிற்பதில்லை. சூட்டில் சில நொடிகளில் ஆவியாகி, கருகி, தீர்ந்துபோகும். அதன் பிறகு சால்டர் மீண்டும் ஆக்சைடு போர்த்திக்கொண்டு, பசைபோல இழுபட ஆரம்பிக்கும், கால்களுக்கு நடுவே பாலம் போடும். சால்டர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை ஃப்ளக்ஸ் தீர்ந்துவிட்டது என்று பொருள். அனுபவசாலிகள் சிரிஞ்சிலிருந்து தாராளமாகப் பிதுக்குவதற்கு அதுதான் காரணம்.

எழும் புகை ஈயப் புகை என்று பலர் நம்புகிறார்கள். ஈயம் கொதிப்பது 1,749 டிகிரியில். சால்டரிங் சூட்டில் அது கணிசமாக ஆவியாவதில்லை. நாம் பார்ப்பது ஃப்ளக்ஸின் புகை, அதற்கும் தனி ஆபத்து உண்டு. ரோசின் புகையைத் தொடர்ந்து சுவாசிப்பது தொழில்வழி ஆஸ்துமாவுக்கு அறியப்பட்ட காரணங்களில் ஒன்று. ஈயம் உடம்புக்குள் போகும் வழி பெரும்பாலும் விரல்தான். வேலை முடித்துக் கையைக் கழுவாமல் வடையை எடுக்கும்போது போகிறது. ஆகவே புகையை இழுக்க ஒரு சிறு விசிறியும், கை கழுவ சோப்பும் இந்த வேலையின் கருவிகளில் சேர்த்தி.

வெப்பம் எங்கே ஓடுகிறது

செம்பின் வெப்பக் கடத்துதிறன் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 400 வாட். போர்டின் அடிப்படைப் பொருளான, கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்த எஃப்ஆர்-4 பலகைக்கு அது சுமார் 0.3 வாட்தான். ஆயிரம் மடங்குக்கும் மேலான வேறுபாடு. இதன் விளைவை முதல் நாளிலேயே உணரலாம். மெல்லிய ட்ராக்கோடு இணைந்த கால் அயர்ன் தொட்டதும் உருகிவிடும். பக்கத்திலேயே கிரவுண்டு பரப்போடு இணைந்த கால், எவ்வளவு நேரம் வைத்தாலும் கல்லாக நிற்கும். பலகைக்குள் பரந்து கிடக்கும் செம்புத் தகடு நாம் கொடுக்கும் சூட்டை வாங்கி வேறிடத்துக்குக் கடத்திவிடுகிறது.

இங்கேதான் கற்பவர்கள் பொதுவாகத் தவறான பக்கம் சாய்கிறார்கள். ஐசி கெட்டுவிடுமோ என்று பயந்து சூட்டைக் குறைத்து வைப்பார்கள். இணைப்பு உருகாது. உருகாததால் அயர்னை அழுத்திப் பிடிப்பார்கள், நீண்ட நேரம் வைத்திருப்பார்கள். எஃப்ஆர்-4 பலகையின் எபாக்ஸி 130 முதல் 180 டிகிரிக்குள், ரகத்துக்கு ஏற்ப, கண்ணாடிபோன்ற விறைப்பை இழந்து இளகுகிறது. அதாவது சால்டர் உருகும் எந்த நேரத்திலும் அடியில் உள்ள பலகை ஏற்கெனவே இளகித்தான் இருக்கிறது. கால் உட்காரும் செம்புத் திட்டான பேடைப் பிடித்திருக்கும் ஒட்டுதலும் அந்த நேரத்தில் பலவீனம். அப்போது அழுத்தினாலும் நெம்பினாலும் பேடு கழன்று வந்துவிடும். குறைந்த சூடும் நீண்ட நேரமும் சேரும்போது நேரும் சேதம், போதுமான சூடும் குறைந்த நேரமும் சேரும்போது நேர்வதில்லை.

மின்சார சால்டரிங் அயர்னை 1921-இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஸாக்ஸ் தொழில்முறையில் தயாரிக்கத் தொடங்கியபோது அதில் வெப்பக் கட்டுப்பாடு என்று ஒன்று இல்லை. செருகினால் சூடாகும், அவ்வளவுதான். இன்றும் சந்தையில் கிடைக்கும் மலிவு அயர்ன்கள் அப்படித்தான். சும்மா இருக்கும்போது அளவுக்கு மேல் கொதித்து, பெரிய பேடைத் தொட்டதும் சுருண்டுவிடும். வெல்லர் நிறுவனத்தின் மேக்னாஸ்டாட் இதற்கு அழகான ஒரு தீர்வைக் கண்டது. முனையின் பின்புறத்தில் ஒரு சிறு காந்தவியல் உலோகத் துண்டு. ஒவ்வொரு காந்தப் பொருளுக்கும் கியூரி வெப்பநிலை என்று ஒன்று உண்டு, அதைத் தாண்டினால் காந்தம் அதை ஈர்ப்பது நின்றுவிடும். முனை குறித்த சூட்டை அடைந்ததும் துண்டு ஈர்ப்பை இழக்கிறது, அதைப் பிடித்திருந்த காந்தம் பின்வாங்குகிறது, சுவிட்சு அணைகிறது. ஆறினால் மீண்டும் ஈர்ப்பு, மீண்டும் மின்சாரம். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாமல் இயற்பியலே வெப்பநிலையைக் காவல் காத்தது. இன்றைய நிலையங்கள் முனைக்குள்ளேயே உணரியை வைத்து இதைச் செய்கின்றன.

பெரிய போர்டுகளுக்கு இதுவும் போதாது. அடியிலிருந்து மொத்தப் பலகையையும் 100 முதல் 150 டிகிரிவரை மெதுவாகச் சூடேற்றும் பிரீஹீட்டர் வேண்டும். பலகை 30 டிகிரியில் இருந்தால் மேலிருந்து ஏறக்குறைய 190 டிகிரி ஏற்ற வேண்டும். 130-இல் இருந்தால் 90 ஏற்றினால் போதும். செம்புத் தகடு இழுக்கும் வெப்பமும் பாதியாகிறது, போர்டு வளைவதும் குறைகிறது.

கழற்றுதல்

பழகுவதற்கு உயிரில்லாத போர்டு வேண்டும். பழைய கேபிள் டிவி பெட்டி, கெட்டுப்போன மோடம், எடைக்குக் கிடைக்கும் கணினி மதர்போர்டு எதுவாக இருந்தாலும் சரி. முதல் ஐசி எட்டுக் கால் கொண்டதாக இருக்கட்டும். மதர்போர்டில் பயோஸ் நிரலைத் தாங்கியிருக்கும் மெமரி ஐசி அப்படிப்பட்டது. கால்களுக்கு இடையே 1.27 மி.மீ. இருப்பதால் கண்ணுக்குத் தெரிந்த வேலை. பயனுள்ள வேலையும்கூட: நிரல் சிதைந்து எழும்பாமல் கிடக்கும் மடிக்கணினியில் இந்த ஒரு ஐசியைக் கழற்றி, புரோகிராமரில் வைத்து எழுதி, திரும்பப் போட்டால் பல சமயங்களில் உயிர் வந்துவிடும்.

சூடு வைப்பதற்கு முன் மூன்று காரியங்கள் இருக்கின்றன. ஐசியின் முதல் காலைக் காட்டும் புள்ளி எந்தப் பக்கம் இருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும், கழற்றிய பிறகு நினைவை நம்ப முடியாது. சுற்றிலும் உள்ள பிளாஸ்டிக் கனெக்டர்களைச் சூடு தாங்கும் மஞ்சள் பாலிஇமைடு டேப்பாலோ அலுமினியத் தாளாலோ மூட வேண்டும், பட்டன் பேட்டரி இருந்தால் எடுத்துவிட வேண்டும். கால்கள் மூழ்கும்படி ஃப்ளக்ஸ் போட வேண்டும்.

பிறகு ஹாட் ஏர். நாசிலை ஐசிக்கு ஓரிரு சென்டிமீட்டர் மேலே, முதலில் அகன்ற வட்டமாக, போகப் போகக் குறுகிய வட்டமாகச் சுற்ற வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. மெஷினின் திரையில் 350 என்று இருந்தால் அது வெளிவரும் காற்றின் சூடு, ஐசியின் சூடல்ல. உண்மை நிலவரத்தைச் சொல்வது கால்களில் உள்ள சால்டர்தான். மங்கலாக இருந்த பரப்பு திடீரென்று பளபளக்கும். அப்போது ட்வீசர் நுனியால் ஐசியின் ஓரத்தை மெல்லத் தொட வேண்டும். எல்லாக் கால்களும் உருகியிருந்தால் ஐசி லேசாக நகர்ந்து, விட்டதும் தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பும். இந்த ஒரு சோதனை தெரிந்தால் போதும், பேடு கிழிப்பது பெருமளவு நின்றுவிடும். திரும்பவில்லை என்றால் ஏதோ ஒரு கால் இன்னும் திடமாக இருக்கிறது. விசையைக் கூட்டாமல் வெப்பத்தைத் தொடர வேண்டும். திரும்பியது என்றால் நேராக மேலே தூக்கி எடுக்க வேண்டும்.

எடுத்த இடத்தில் பேடுகளின் மீது மேடும் பள்ளமுமாகச் சால்டர் மிச்சமிருக்கும். செம்பு இழைகளைப் பின்னிய விக்கை அதன் மீது வைத்து, அதன் மேல் அயர்னை வைத்தால் நுண்புழை ஏற்றத்தால் சால்டர் இழைகளுக்குள் ஏறிவிடும். விக் ஆறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஆறி ஒட்டிக்கொண்ட விக்கை இழுப்பதும் பேடைக் கிழிக்கும் வழிகளில் ஒன்று. கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பிரஷ்.

பொருத்துதல்

இப்போது பரப்பு இழுவிசையின் முறை. உருகிய சால்டரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு அரை நியூட்டனை ஒட்டியது. தண்ணீரைப்போல ஆறு ஏழு மடங்கு. ஒரு பொருளின் எடை அதன் நீள அளவின் முப்படியைப் பொறுத்துக் குறையும். பரப்பு இழுவிசை தரும் விசை வெறும் நீளத்தைப் பொறுத்துத்தான் குறையும். ஆகவே உருவம் சிறுக்கச் சிறுக்க ஈர்ப்புவிசை முக்கியத்துவம் இழந்து, பரப்பு இழுவிசை ஆட்சிக்கு வருகிறது. சால்டரைப் பொறுத்தவரை அந்த எல்லை சுமார் 2.5 மி.மீ.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 மி.மீ. நீளமும் 0.5 மி.மீ. அகலமும் கொண்ட ஒரு மின்தேக்கியின் நிறை ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். பூமி அதைக் கீழே இழுக்கும் விசை ஒரு நியூட்டனில் லட்சத்தில் ஒன்றரைப் பங்குக்குள் அடங்கும். அதன் அரை மி.மீ. விளிம்பில் உருகிய சால்டர் இழுக்கும் விசை லட்சத்தில் 25 பங்கு. எடையைவிடப் பத்து மடங்குக்கும் மேல். இப்படிப்பட்ட விசை கோணலாக வைத்த பாகத்தைத் திருப்பி, பேடின் நடுவே நிறுத்திவிடுகிறது. உருகிய திரவம் தன் பரப்பளவைக் குறைக்கப் பார்க்கிறது. பாகம் பேடுக்கு நேராக இருக்கும்போதுதான் பரப்பளவு மிகக் குறைவு.

அதே விசை வினையும் செய்யும். ஒரு பக்கப் பேடு முதலில் உருகி, மறுபக்கம் இன்னும் திடமாக இருந்தால், உருகிய பக்கம் பாகத்தை இழுத்து அப்படியே செங்குத்தாக நிறுத்திவிடும். தொழிற்சாலைகளில் இதைக் கல்லறைக்கல் என்றே கேலியாகக் குறிப்பிடுகிறார்கள். தொழிற்சாலையிலும் சர்வீஸ் கடையிலும் கோளாறின் வேர் ஒன்றுதான், எல்லா முனைகளும் ஒரே நேரத்தில் உருகவில்லை.

நூறு கால் ஐசியை அயர்னால் பொருத்தும்போது யாரும் ஒவ்வொரு காலாகப் பற்றவைப்பதில்லை. எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொரு காலை மட்டும் தொட்டு நிறுத்தி, உருப்பெருக்கியில் நான்கு பக்கமும் நேராக இருக்கிறதா என்று பார்த்து, ஃப்ளக்ஸை வரிசை முழுக்கப் பூசுவார்கள். பிறகு சரிவாக வெட்டிய அகன்ற முனையில் ஒரு துளி சால்டரை ஏந்தி, வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒரே சீராக இழுப்பார்கள். பேடுகளுக்கு நடுவே பூசியிருக்கும் பச்சை அரக்கின் மீது சால்டர் ஒட்டாது, செம்பின் மீது மட்டும் ஒட்டும். துளி ஒவ்வொரு காலிலும் தேவையானதை விட்டுவிட்டு, மிச்சத்தை முனையோடு கொண்டுபோய்விடும். கடைசி இரண்டு கால்களில் பாலம் நின்றுவிட்டால் புதிதாக ஃப்ளக்ஸ் போட்டு, துடைத்த முனையால் வெளிப்பக்கமாக ஒரு இழுப்பு. அரை மில்லிமீட்டர் இடைவெளியில் கை செய்த துல்லிய வேலை என்று பார்த்தால், தொடக்கத்தில் ஐசியை நேராக வைத்தது மட்டுமே.

சூட்டின் விலை

பிளாஸ்டிக் உறை ஐசிகள் காற்றிலுள்ள ஈரத்தை மெதுவாக உறிஞ்சுகின்றன. திடீரெனச் சூடேற்றினால் உள்ளே சிக்கிய நீர் ஆவியாகும். 183 டிகிரியில் நீராவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல 11 மடங்குக்குள் இருக்கும். 220-இல் 23 மடங்கு. 250-இல் 39 மடங்கைத் தொடும். ஈயத்தைக் கைவிட்டதால் ஏறிய அந்தச் சில டிகிரிகள் ஐசியின் உள்ளே அழுத்தத்தை இரட்டிப்பாக்கிவிட்டன. அழுத்தம் தாங்காமல் உறை உப்பி, உள்ளே பிளந்து, சில சமயம் சிறு சத்தத்தோடு வெடிக்கும். ஈரப்பத உணர்திறன் நிலை மூன்று என்று குறிக்கப்பட்ட ஐசியைப் பொட்டலம் பிரித்த பின், 30 டிகிரிக்குள்ளும் 60 சதவீத ஈரப்பதத்துக்குள்ளும் வைத்திருந்தாலே 168 மணி நேரத்துக்குள் பற்றவைத்துவிட வேண்டும் என்பது தொழில்துறை விதி. சென்னையின் ஈரக்காற்றில் டப்பாவில் மாதக்கணக்கில் கிடந்த ஐசியை 125 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தாமல் ஹாட் ஏர் காட்டுவது சூதாட்டம்.

மற்றொரு விலை, பொருட்கள் விரிவடையும் வேறுபாடு. ஒரு டிகிரிக்குச் சிலிக்கான் விரிவது பத்து லட்சத்தில் 2.6 பங்கு, செம்பு 17 பங்கு. எபாக்ஸிப் பலகை தடிமன் திசையில் இளகுநிலையைத் தாண்டியதும் இதைவிடப் பல மடங்கு விரிகிறது. பீங்கான் மின்தேக்கிகள் இந்த இழுபறியில் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். வெப்பநிலையை நொடிக்கு 3 டிகிரிக்கு மேல் ஏற்றாமல் பார்த்துக்கொள்ளும் தொழிற்சாலை அடுப்பின் நிதானத்துக்குக் காரணம் இதுதான். மேசையில் பிரீஹீட்டர் இல்லாமல் வேலை செய்பவர் இந்த நிதானத்தைத் தன் கைவட்டத்தால்தான் ஈடுகட்ட வேண்டும்.

சூடாக்கினால் சரியாகிவிடுமா

கால்களே வெளியில் தெரியாத ஐசிகள் அடுத்த படி. பிஜிஏ என்ற வகையில் வயிற்றுக்கடியில் கட்டம் கட்டமாகச் சால்டர் உருண்டைகள் இருக்கும். கழற்றினால் பழைய உருண்டைகளைத் துடைத்து, துளைத் தகட்டின் வழியே புதியவற்றை அமைக்கும் ரீபால் வேலை சேர்ந்துகொள்ளும். தானாக நேராவதில் இது எல்லாவற்றையும் விஞ்சும், பேடின் பாதி அளவு தள்ளி வைத்தாலும் உருகியதும் மையத்துக்கு வந்துவிடும். ஆனால் உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க எக்ஸ்ரே வேண்டும்.

2014-இல் வந்த ஐபோன் 6 பிளஸின் மெல்லிய உடல் வளையும்போது, தொடுதிரையை இயக்கும் பிஜிஏ ஐசிகளின் உருண்டை இணைப்புகள் விரிசல் கண்டன. திரையின் மேல்பக்கம் சாம்பல் நிறக் கோடு துடிக்கும், தொடுகை வேலை செய்யாது. நியூயார்க் மாநிலத்தில் பழுதுநீக்கும் கடை நடத்திய ஜெஸ்ஸா ஜோன்ஸ் போன்றோர் 2016-இல் இதை உலகறியச் செய்தார்கள். அவர் மூலக்கூறு மரபியலில் பயிற்சி பெற்றவர். நுண்ணோக்கிக்கடியில் சால்டரிங்கைத் தாமே கற்று, பிறகு வகுப்பெடுத்தவர். அந்த ஐசிகளை மாற்றினால் போன் பிழைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஆப்பிளும் கட்டணப் பழுதுநீக்கத் திட்டம் ஒன்றை அறிவித்தது.

மைக்ரோசாஃப்டின் வீடியோ கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் 360-இன் கதை வேறு. சிவப்பு வளையம் ஒளிர்ந்து செத்துப்போன பெட்டிகளைச் சூடாக்கினால் எழுந்தன. கிராபிக்ஸ் ஐசியின் அடிச் சால்டர் உருகி ஒட்டிக்கொண்டது என்று பலரும் நம்பினார்கள். சில வாரங்களில் அவை மீண்டும் செத்தன. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்து, நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. விரிசல் போர்டுக்கும் ஐசிக்கும் நடுவே இல்லை, ஐசியின் உறைக்குள்ளேயே இருந்தது என்பதை 2021-இல் அந்த நிறுவனத்தின் ஆவணப்படம் விளக்கியது. அணைத்து எழுப்பும் ஒவ்வொரு தடவையும் சூடேறி ஆறியதில் உள்ளிருந்த நுண் இணைப்புகள் களைத்துப்போயின. வெளியிலிருந்து காட்டிய சூடு உறையை விரித்து, விட்ட இணைப்பைத் தற்காலிகமாகத் தொடவைத்தது. அவ்வளவுதான்.

ஹாட் ஏர் காட்டியதும் போர்டு எழுந்துவிட்டால் பழுது தீர்ந்தது என்று முடிவுகட்டக் கூடாது. அது ஒரு துப்பு மட்டுமே. இணைப்பு விட்டதா, ஐசி உள்ளே செத்ததா, ஐசிக்கு மின்சாரமே வரவில்லையா என்று பிரித்தறிய மல்டிமீட்டரும் சர்க்யூட் வரைபடமும் வேண்டும். சூட்டைக் கையாளத் தெரிந்தவரிடம் எதையும் கழற்றிப் பார்த்துவிடலாம் என்ற துணிச்சல் எளிதில் வந்துவிடுகிறது. நல்ல மெக்கானிக், கழற்றுவதற்கு முன் அளப்பதில் பாதி நேரத்தைச் செலவிடுகிறார். புதிய ஐசியைப் போட்ட பிறகும் பவர் கொடுக்கும் முன், பவர் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷார்ட் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவார்.